காதல் முறிந்த மாதத்தில் கல்லூரியை மாற்றாதீர்கள்

பெருந்துறைப் பக்கமிருந்து என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு நாலு பேர் வந்திருந்தார்கள். அப்பா, அம்மா, தாய்மாமன். கதவை ஒட்டிய நாற்காலியில் பையன், கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு.

அம்மாதான் ஆரம்பித்தார். "ராத்திரி தூங்கறதில்லீங்க. சோத்துல கை வெச்சு அளைஞ்சுட்டு எந்திரிச்சுடறான். காலேஜுக்கு வர்றதில்லைன்னு அங்கிருந்து போன் வருது. வேலைக்கு மட்டும் ஒரு நாள் தவறாமப் போறானுங்க."

ஒரே வகுப்புப் பெண், ஒன்றரை வருடப் பழக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதுவரை சிப்காட்டில் ஒரு சாயப்பட்டறை லேபில் மாலை ஆறு முதல் பத்து வரை வேலை பார்த்து, காலையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவன், அப்புறம் கேட்டுக் கேட்டு முழு ராத்திரி ஷிஃப்ட் வாங்கிக்கொண்டான். விடியற்காலையில் வந்து படுத்தால் கல்லூரி நேரம் போய்விடுகிறது.

முதல் பத்து நிமிடம் நானும் எல்லோரையும் போல ஆறுதல்தான் சொன்னேன். இந்த வயதில் வரும், போகும், ஆறிவிடும். அதற்குள் மாமன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். என் ஆறுதல் அதோடு சரி.

கோவையில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ், நிர்வாக ஒதுக்கீடு. நன்கொடை, நாலு வருடக் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்துக் கீழே 11 லட்சம் என்று கூட்டிப் போட்டிருந்தார். "எடம் மாறுனா மறந்துருவானுங்க. நாளைக்குப் பொண்ணு பாக்கப் போற எடத்துல கெமிஸ்ட்ரின்னு சொன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க. கம்ப்யூட்டர்னா ஒரு மரியாதை இருக்குதுங்களே." சொல்லிவிட்டு, பையன் பக்கம் திரும்பி, "அந்தப் பிள்ளை எந்த ஊரு, என்ன ஆளுங்க?" என்றார்.

அந்தக் கேள்வியை இந்த அறையில் கேட்க வேண்டாம் என்று சொன்னேன். வீட்டிலும் வேண்டாம். அவள் வேண்டாம் என்றாள், அது அவள் முடிவு. அவளைத் திட்டினால் பையன் தேறுவான் என்று நினைக்கிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். திட்டத் திட்ட, அவளுக்காக வாதாட அவன் எழுந்து உட்காருவான், அவ்வளவுதான்.

பெற்றோர் இருவரையும் ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று அவனிடம் நேராகவே கேட்டேன். இல்லை என்றான். நம்பினேன், ஆனாலும் 14416 என்ற எண்ணை அவன் போனில் பதிய வைத்தேன். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படிக் கிளம்பாது. கேளுங்கள்.

சரி, 11 லட்சத்துக்கு வருவோம்.

அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் தோட்டம், கிணற்றில் தண்ணீர் பாதி வருடம். இந்தப் பணத்தை வெளியில்தான் புரட்ட வேண்டும். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தாலும் மாதம் 11,000 வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும். அதில் நன்கொடை என்று எழுதியிருந்த வரியோ, வாங்கவே கூடாத பணம். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. தோட்டத்தை அடமானம் வைப்பது பற்றி அவர்கள் பேச ஆரம்பித்தபோது நான் தாளை மடித்து மாமனிடமே கொடுத்துவிட்டேன்.

இன்னொரு கணக்கை அவர்கள் யாருமே போடவில்லை. இப்போது நடப்பது நாலாவது செமஸ்டர். வருகிற ஜூனில் பி.இ. முதலாண்டு சேர்ந்தால் முடிக்க நாலு வருடம். அதே ஜூனில் பி.எஸ்சி. இறுதியாண்டுக்குப் போனால் ஒரு வருடத்தில் பட்டம். பிளஸ் டூவில் கணக்கு படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ., பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேரலாம், அது மூன்று வருடம். இவன் கணக்கு-உயிரியல் குரூப். இரண்டு வழியிலும் வெளியே வருவது ஒரே வருடம்தான். ஆனால் இரண்டாவது வழியில் கையில் இரண்டு பட்டம் இருக்கும், ஒரு வருடக் கட்டணம் மிச்சம், காதல் முறிந்த சூட்டில் எடுத்த முடிவாகவும் இருக்காது. மாமன் விரல் விட்டு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

பையனைக் கேட்டேன், உனக்கு கம்ப்யூட்டர் பிடிக்குமா? "சேந்துக்கறேனுங்க." பிடிக்குமா என்று கேட்டேன், தம்பி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "அவ இப்பப் பேசறவன் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்குங்க. நானும் படிச்சுக் காட்டோணும்."

தம்பி, காட்டுவதற்காக எடுத்த படிப்பை நாலு வருடம் தினமும் காலையில் எழுந்து நீதான் படிக்க வேண்டும். பார்க்க வேண்டியவள் முதல் மாதமே பார்ப்பதை நிறுத்திவிடுவாள்.

அப்போதுதான் கையை வெளியே எடுத்தான். பத்து நகக்கண்ணிலும் நீலம். டர்க்காய்ஸ் சாயம், சோப்புக்குப் போகாது என்றான். அது எப்படி என்று கேட்டேன். அதுவரை ஒற்றை வார்த்தையில் பதில் சொன்ன பையன் இருபது நிமிடம் பேசினான். அவன் அம்மாவே அவனை அப்படிப் பேசிப் பார்த்து ரெண்டு மாதம் ஆகியிருக்கும்.

கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரர் தீப்பெட்டி அளவு துணி ஒன்றை அனுப்பி இந்த ஷேடு வேண்டும் என்பார். லேபில் 5 கிராம் துணியை வெட்டி எடை போடுவார்கள். துணியின் எடையில் 2 சதவீதம் சாயம் என்றால் 0.1 கிராம், அதாவது 1 சதவீதக் கரைசலில் 10 மில்லி. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் பிப்பெட்டில் பங்கு பிரித்துக் குடுவையில் விட்டு, துணியைப்போல் பத்து மடங்கு தண்ணீர், லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் உப்பு, பிறகு சோடா. 60 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓட விட்டு, அலசி, கொதிசோப்பில் போட்டெடுத்து, காய வைத்து விளக்குப் பெட்டியில் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கில் அச்சாகப் பொருந்துகிற துணி, கடை வெளிச்சமான டிஎல்84-க்கு மாற்றியதும் வேறு நிறமாக நிற்கும். மெட்டாமெரிசம் என்பார்கள். எந்தச் சாயத்தை எடுத்துவிட்டு எதைப் போட்டால் அது அடங்கும் என்று தெரிந்தவனுக்குத்தான் இந்தத் தொழிலில் மதிப்பு. நிறம் அளக்கும் மெஷின், வித்தியாசத்தை டெல்டா ஈ என்று எண்ணாகச் சொல்லிவிடும். எதைக் குறைப்பது என்று கம்ப்யூட்டரும் ஒரு கணக்குச் சொல்லும். லேபில் பொருந்திய ஷேடு பட்டறையில் 500 கிலோ லாட்டில் ஏன் தவறியது என்று கண்டுபிடிக்க மட்டும் ஆள் வேண்டும். தண்ணீரின் கடினத்தன்மையா, துணியில் மிச்சமிருந்த பெராக்சைடா, சோடா சீக்கிரம் விழுந்ததா. முழுக்க அவன் வகுப்பில் படிக்கிற வேதியியல்தான்.

மாமன், "சாயத்துல என்னங்க பெரிய படிப்பு?" என்றார். உலகத்தின் முதல் பெரிய செயற்கைச் சாயத்தை 1856-ல் கண்டுபிடித்தவன் பெர்க்கின் என்ற 18 வயது மாணவன் என்றேன். லண்டனில் படித்துக்கொண்டிருந்தான். ஈஸ்டர் விடுமுறையில் மலேரியா மருந்து செய்யப்போய்க் கெட்டுப்போன கறுப்புச் சேற்றிலிருந்து ஊதா நிறம் வந்தது. அதற்கு நூறு வருடம் கழித்து, 1956-ல்தான் பருத்தி நூலோடு வேதிப்பிணைப்பாகவே ஒட்டிக்கொள்கிற ரியாக்டிவ் சாயம் சந்தைக்கு வந்தது. பையன் தினமும் பிப்பெட்டில் எடுப்பது அந்த வகைதான்.

இதற்கு முதல் தகுதி மதிப்பெண் அல்ல, கண். சிவப்பு-பச்சை பேதம் பிறவியிலேயே தெரியாதவர்கள் உண்டு, பெண்களைவிட ஆண்களில் இது மிக அதிகம். பிள்ளையை இந்தப் பக்கம் அனுப்பும் முன் கண் டாக்டரிடம் இஷிஹாரா புள்ளிப் படங்களைக் காட்டிவிடுங்கள். அடுத்தது 85 வண்ண மூடிகளைச் சாயல் வரிசையில் அடுக்கச் சொல்லும் ஃபார்ன்ஸ்வொர்த் சோதனை. பிழை 16-க்குள் இருந்தால் மேல்தரக் கண். இவன் லேப் இன்சார்ஜ் வேலைக்குச் சேர்ந்த வாரமே வைத்துப் பார்த்திருக்கிறார். எவ்வளவு வந்தது என்றேன். "எட்டுங்க."

எட்டு வாங்கிய கண்ணைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் கொண்டுபோய்க் கட்டிப்போடப் பார்த்தார்கள்.

பி.எஸ்சி. முடித்ததும் எம்.எஸ்சி., பி.எட்., டிஎன்பிஎஸ்சி எல்லாம் உங்கள் தெருவிலேயே நாலு பேர் சொல்வார்கள், நான் விட்டுவிடுகிறேன். மத்திய அரசின் நாட்ஸ் தொழிற்பழகுநர் திட்டத்தை யாரும் சொல்வதில்லை. அது இன்ஜினியர்களுக்கு மட்டும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், கலை அறிவியல் பட்டதாரிகளும் சேரலாம். ஒரு வருடம் கம்பெனியில் பயிற்சி. மாதாமாதம் உதவித்தொகை உண்டு, 2019 விதியில் பட்டதாரிக்கு அது 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று இருந்தது, அதில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. முடித்தால் அரசுச் சான்றிதழ். பதிவு ஆன்லைனில்தான், இடைத்தரகர் யாருக்கும் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். அப்புறம் சாய லேப், துணி சோதனைக் கூடம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய லேப் என்று போகலாம். கோவையில் 1956 முதல் இயங்கும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. ஆசை இருந்தால் பிரிட்டனில் 1884-ல் தொடங்கிய சாயக்காரர் சங்கத்தின் அசோசியேட்ஷிப் தேர்வு இருக்கிறது. இதே துறையில் பி.டெக். வேண்டும் என்றால் பிஎஸ்ஜி டெக், குமரகுரு போன்ற இடங்களில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி. லேட்டரல் என்ட்ரிக்கு அப்போது முயற்சி செய்யலாம், இப்போது அவசரமில்லை.

அப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. "2011-ல கோர்ட்டு திருப்பூர்ல எல்லாச் சாயப்பட்டறையும் மூடச் சொல்லுச்சே, மறுபடி மூடுனா?" என்றார். நியாயமான கேள்வி. சாயக் கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்று ஆகிவிட்டது. சாயத் தண்ணீரை ஆர்.ஓ.வில் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பையும் மீட்டு மறுபடி பட்டறைக்கே அனுப்ப வேண்டும். அங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவையும் (டிடிஎஸ்) கழிவின் அளவையும் (சிஓடி) பார்த்துக்கொண்டே இருக்க வேதியியல் தெரிந்த ஆள் வேண்டும். கோர்ட்டு உத்தரவே இவன் படிப்புக்கு வேலை வைத்திருக்கிறது.

நல்லது மட்டும் சொன்னால் நான் சீட்டு விற்கிறவன் ஆகிவிடுவேன். ஆரம்பச் சம்பளம் குறைவு. பட்டறைக்குள் நின்றால் வேர்த்துக் கொட்டும். ஆர்டர் குறைந்தால் ஷிஃப்ட் குறையும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பட்ட பாடு தெரியும். சாயப்பொடியைக் கையுறை, முகமூடி இல்லாமல் தொட்டால் மூச்சுக்கு ஆகாது. நகத்து நீலத்தைக் காட்டி அதற்கு அங்கேயே ஒரு திட்டும் கொடுத்தேன்.

ராத்திரி ஷிஃப்டும் இன்றோடு நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இதில் பேச்சே இல்லை. தூங்காமல் இருந்தால் அவளை நினைக்காமல் இருக்கலாம் என்று அவன் செய்த ஏற்பாடு அது, உழைப்பு அல்ல. பழையபடி ஆறு முதல் பத்து. ஞாயிறு வேண்டாம். செமஸ்டரில் 90 நாள், 75 சதவீதம் என்றால் 22 நாள்தான் விடலாம். இவன் 17 நாள் விட்டாயிற்று. இன்னும் 30 நாள் கல்லூரி பாக்கி, கையில் இருப்பது 5 நாள்.

கல்லூரிக்குப் போகாததற்குத் தூக்கம் மட்டும்தானா காரணம் என்று துருவினேன். பிராக்டிகல் வகுப்பில் வரிசை எண்படி அவனும் அவளும் ஒரே மேசை, ஒரே ப்யூரெட். அவள் ப்யூரெட்டைத் திறந்து பிடிக்க, இவன் நிறம் மாறுவதைப் பார்த்து நிறுத்தச் சொல்வானாம். இப்போது அந்த மேசை முன்னால் நிற்க முடியவில்லை. வீட்டில் யாருக்கும் இது தெரியாது. துறைத்தலைவருக்கு பேட்ச் மாற்றித் தரச்சொல்லி நாலு வரியில் ஒரு கடிதம் போதும், காரணம் கூட எழுத வேண்டாம் என்றேன். என் மேசையிலேயே எழுதினான். 11 லட்சம் செலவழித்து ஊரை மாற்றப் பார்த்தார்கள், அவனுக்கு வேண்டியிருந்தது வேறு மேசை.

கிளம்பும்போதுதான் மாமன், கல்லூரியில் சீட் பிடித்து வைக்க 25,000 கட்டிவிட்டதாக இழுத்தார். வகுப்பு தொடங்கும் முன் விலகினால், 1,000 ரூபாய்க்கு மேற்படாத தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் விதி. ரசீதை எடுத்துவாருங்கள், கடிதம் எழுதிவிடலாம் என்றேன்.

"ரசீது தரலீங்க. நமக்கு வேண்டிய பையன் ஒருத்தன், அவன் போனுக்கு ஜிபே பண்ணுனேன்."

அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை கல்லூரிக்கும் ஏஐசிடிஇ குறைதீர்ப்புத் தளத்துக்கும் சேர்த்தே அனுப்பப்போகிறோம். வேண்டிய பையனுக்கு இப்போதே ஒரு போன் போடுங்கள் என்றதற்கு மாமன் வாசலுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தார். ரிங் போகிறது, எடுக்கவில்லை.