நார்வேயில் நடக்க எங்கே செல்வது? நுகர்வோர் கேள்வி-பதில்

கோடையில் நார்வே சென்று மலைகளில் நடக்க விரும்புகிறவர்களிடமிருந்து இம்முறை கடிதங்கள் மிகுதியாக வந்திருப்பதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நீண்ட கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

ஜூலைக் கடைசியில் பத்து நாள் கிடைக்கிறது. நானும் கணவரும் ஐம்பத்தைந்தைக் கடந்தவர்கள். நாள்தோறும் ஐந்தாறு கிலோமீட்டர் நடக்கும் பழக்கம் உண்டு. யோத்துன்ஹெய்மன், ஹார்டாங்கர்விடா, லொஃபோட்டன் ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதாக ஓர் இடத்தைச் சொல்கிறேன்: ரொண்டானே. ஏன் என்பதைத் தெரிந்துகொண்ட பின் முடிவு செய்யுங்கள்.

நார்வேயில் இடத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது மழையைப் பற்றித்தான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேற்குக் காற்று தன் ஈரத்தைக் கடற்கரை மலைகளிலேயே இறக்கிவிடுவதால், பெர்கன் நகரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்ய, மலைகளுக்குக் கிழக்கே மழைமறைவில் கிடக்கும் ஷோக் என்ற பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. அங்குள்ள உழவர்கள் பழங்காலம் முதலே வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து பயிர் செய்திருக்கிறார்கள். ரொண்டானேயும் கிழக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1962-இல் அறிவிக்கப்பட்ட, அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா அது. ஸ்ப்ராங்கெட் வாகன நிறுத்தத்திலிருந்து ரொண்ட்வாஸ்பூ குடிலுக்கு ஆறு கிலோமீட்டர் அகலமான, ஏற்றம் குறைந்த பாதை செல்கிறது; இப்போது நாள்தோறும் நீங்கள் நடக்கும் தூரம்தான் அது. குடிலில் மூன்று இரவு தங்கி, உடல் ஒத்துழைக்கும் அளவுக்குச் சுற்றுப்புறத்தில் நடந்து வரலாம்.

யோத்துன்ஹெய்மன் நார்வேயின் மிக உயர்ந்த மலைகள் நிற்கும் இடம். 2,469 மீட்டர் உயரமுள்ள கால்ஹோப்பிகன் அங்கேதான் இருக்கிறது. அழகில் குறையேதும் இல்லை, ஆனால் பாதைகளில் பாறைக்கற்கள் குவிந்து கிடப்பதால் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருக்கும். ஹார்டாங்கர்விடா 1,200 மீட்டர் உயரத்தை ஒட்டிப் பரந்து கிடக்கும் பீடபூமி. ஏற்ற இறக்கம் குறைவுதான் என்றாலும், காற்றைத் தடுக்க ஒரு மரம்கூட இல்லாத வெளியில் ஒரு குடிலிலிருந்து அடுத்த குடிலுக்கு ஒரு முழு நாள் நடக்க வேண்டும் என்பதால், நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் நடந்து பழகியவர்களுக்கு முதல் முறையிலேயே அதைப் பரிந்துரைக்க மாட்டேன். லொஃபோட்டன் தீவுகளில் மலைகள் கடலிலிருந்தே செங்குத்தாக எழுகின்றன. 448 மீட்டரே உள்ள ரைனெப்ரிங்கன் மலைக்கு நேபாள ஷெர்ப்பாக்கள் அமைத்த ஏறக்குறைய 2,000 கற்படிகளில் ஏற வேண்டும். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு இறங்குவதுதான் பெரும்பாடு.

ஜூன் முதல் வாரத்தில் கட்டணம் குறைவாக இருக்கிறது. அப்போதே போகலாமா?
– வாசகர், திருச்சி

பள்ளத்தாக்குகளிலும் கடற்கரையிலும் நடக்கலாம்; உயர்ந்த மலைகளுக்குப் போகக் கூடாது. குறைந்த கட்டணத்தை நம்பி நானே ஓராண்டு ஜூன் தொடக்கத்தில் யோத்துன்ஹெய்மனில் நான்கு நாள் குடில் நடைக்குப் பணம் கட்டினேன். கணவாய்கள் பனியில் மூடிக் கிடந்தன. ஆறுகளின் குறுக்கே கோடையில் மட்டும் போடப்படும் பாலங்கள் இன்னும் போடப்படவில்லை. நாங்கள் தங்குவதாக இருந்த குடில்களில் இரண்டு திறக்கப்படவே இல்லை. இவையெல்லாம் ஆண்டுதோறும் நடப்பவை என்பதால் விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். உயர் மலைகளுக்கு ஜூலை நடுப்பகுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரையிலான காலமே ஏற்றது.

சென்னையில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் தலைக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டி, மே இரண்டாம் வாரம் நார்வே சென்றோம். விளம்பரத்தில் பெரிதாக இருந்தது ட்ரோல்துங்கா பாறை. அங்கே போன பிறகுதான், பனிக்காலம் முடியாததால் தனி வழிகாட்டி இல்லாமல் ஏறக் கூடாது என்றும் அதற்கு வேறு பணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். அணைக்கட்டின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்காக ஆண்டு முழுவதும் சேமித்த பணம்.
– வாசகி, சென்னை

உங்கள் கடிதத்தைப் படித்தபோது மிகவும் வருந்தினேன். ஏமாற்றப்பட்டது நீங்கள், விசாரிக்காமல் விட்டோமே என்று கடிதத்தின் மற்றொரு பகுதியில் உங்களையே நொந்துகொண்டிருப்பது தேவையில்லாதது. ட்ரோல்துங்காவுக்கு வழிகாட்டி இல்லாமல் செல்ல ஏற்ற காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மேலும் நடை தொடங்கும் இடமான ஷெக்கெடாலிலிருந்து போய்த் திரும்ப ஏறத்தாழ 27 கிலோமீட்டர், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும் நடை அது. இதை மே மாதப் பயணத்தின் தலைப்பாக வைத்து, அறுபது வயதானவர் இருக்கும் குழுவுக்கு, ஒரு சொல்லும் எச்சரிக்காமல் விற்றது தவறாக வழிநடத்தும் விளம்பரம், சேவைக் குறைபாடு என்ற இரண்டு வகையிலும் முறையீட்டுக்கு உரியது.

விளம்பரத்தின் படம், பயண நிரல், பணம் கட்டிய ரசீது, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் அனைத்தையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். நிறுவனத்துக்கு எழுத்துமூலம் முறையிட்டுப் பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும். என்ன நடந்தது என்பதை அவசியம் எனக்கு எழுதுங்கள்.

விசா விண்ணப்பிக்கும் முன்பே பணம் திரும்பக் கிடைக்காத வகை விமானச் சீட்டை வாங்கிவிட்டேன். விசா மறுக்கப்பட்டது. பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?
– வாசகர், சேலம்

அடிப்படைக் கட்டணம் திரும்பாது. இந்திய விமான நிறுவனமாக இருந்தால், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் அந்த வகைச் சீட்டுக்கும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி; அதைக் கேட்டு வாங்குங்கள். நார்வே செல்லத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க முடியும் என்ற நிலையில் இந்த அவசரம் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இதே தவறைச் செய்தவர்களின் கடிதங்கள் இன்னும் மூன்று என் மேசையில் இருக்கின்றன.

பயணத் திட்டத்தில் ‘பெஸ்ஸெக்கன் மலைமுகட்டு நடை, 14 கி.மீ., எளிது முதல் நடுத்தரம் வரை’ என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?
– ஆசிரியர், மதுரை

நம்பக் கூடாது. இதைப் பற்றி நெடுநாளாக எழுத நினைத்திருந்ததால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மலைநடையைக் கிலோமீட்டரில் மட்டும் சொல்லி விற்பது, எடையைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லிக் காய்கறி விற்பதைப் போன்றது. 14 கிலோமீட்டர் சமதரையில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். பெஸ்ஸெக்கனில் அதே தூரத்துக்குப் பழக்கமுள்ளவர்களுக்கே ஏழு எட்டு மணி நேரம் ஆகிறது. மொத்த ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கும் மேல் என்பதைத் திட்டத்தில் எழுதாமல் விட்டதால்தான் அந்த நடை எளிதாகத் தோன்றுகிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் தந்த கணக்கு ஒன்று இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி பார்த்தால் பெஸ்ஸெக்கனுக்கு நாலரை மணி நேரம் வரும். நெய்ஸ்மித் கணக்கிட்டது நல்ல தரையில் நில்லாமல் நடக்கும் உடல்வலிமை உள்ளவருக்கு. கற்குவியல்களையும் ஓய்வையும் நம் கால்களையும் கருதி, வரும் விடையோடு பாதிக்கு மேல் கூட்டிக்கொண்டால்தான் உண்மைக்கு அருகில் வரும்.

இரண்டாவது, ‘எளிது’, ‘நடுத்தரம்’ என்ற சொற்களை விற்பவர் தம் விருப்பப்படி எழுதுகிறார். நார்வேயில் இதற்குப் பொதுவான நிறக்குறிகள் இருக்கின்றன: பச்சை எளிது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு மிகுந்த அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும். பெஸ்ஸெக்கன் சிவப்பு. 984 மீட்டர் உயரத்தில் பச்சை நிற யென்டே ஏரியும், அதற்கு ஏறக்குறைய 400 மீட்டர் மேலே நீலமான பெஸ்வாட்னெட் ஏரியும் இரு பக்கமும் கிடக்க, நடுவே உள்ள முகட்டில் சில இடங்களில் கைகளை ஊன்றி ஏற வேண்டும். உயரத்தைக் கண்டு தலைசுற்றுகிறவர்களுக்கு அந்தப் பகுதி பெரும் துன்பமாகிவிடும் என்பதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டாமா?

ஆகவே பணம் கட்டும் முன் நான்கு விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வொரு நாளும் எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மணி நேரம், எந்த நிறக்குறி, வானிலை கெட்டால் மாற்று ஏற்பாடு என்ன. தயங்குபவரிடம் வாங்காதீர்கள். போவதென்று முடிவு செய்தால், காலையில் யென்டே ஏரிக்கரையிலுள்ள யென்டெஸ்ஹெய்மிலிருந்து படகில் அதே ஏரிக்கரையின் மெமுருபூ சென்று அங்கிருந்து நடந்து திரும்பும் வகையில் திட்டமிடுங்கள். கடைசிப் படகைப் பிடிக்க ஓட வேண்டியிருக்காது. படகுக்கு முன்பதிவு செய்யுங்கள்.

வழிகாட்டிக்கு முழுப் பணமும் கொடுத்தோம். பலத்த காற்று என்று சொல்லிப் பாதியிலேயே திருப்பி அழைத்து வந்துவிட்டார். பாதிப் பணத்தைக் கேட்கலாமா?
– வாசகர், பெங்களூரு

கேட்காதீர்கள். நீங்கள் பணம் கொடுத்தது அந்த முடிவை எடுக்கத் தெரிந்தவருக்கு. உரிய நேரத்தில் திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது நார்வேயின் மலை விதிகள் ஒன்பதில் ஒன்று.

பழைய இருப்பு என்று பாதி விலையில் நல்ல மலைநடை ஷூ கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

தயாரித்த ஆண்டு தெரியாமல் வாங்காதீர்கள். இத்தகைய ஷூக்கள் பலவற்றில் அடிப்பாகத்தின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் சிதைகிறது. வெளியே தோல் பளபளப்பாகவே இருக்கும், உள்ளே பிடிமானம் போயிருக்கும். நான் அப்படித் தள்ளுபடியில் வாங்கிய ஒரு ஜோடி, ஹார்டாங்கர்விடாவில் ஃபின்சே ரயில் நிலையத்திலிருந்து நடக்கத் தொடங்கிய இரண்டாம் நாள், ஒரு காலின் சோல் முழுவதும் கழன்று வந்துவிட்டது. கயிற்றால் கட்டிக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் திரும்பி நடந்தேன். மீதிப் பயணத்தின் குடில் பணமும் போயிற்று. விற்ற கடையில் ‘பயன்படுத்தியதற்குப் பிறகு மாற்றித் தர முடியாது’ என்றார்கள். அந்த ஷூ நடப்பதற்காகத்தான் செய்யப்பட்டது என்று இன்றும் அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நார்வேயில் மலை மீட்புக்குக் கட்டணம் இல்லையாமே. அப்படியானால் காப்பீடு எதற்கு?
– வாசகர், புதுச்சேரி

மீட்பு இலவசம், அதன் பிறகு செய்யும் சிகிச்சை உங்களுக்கு இலவசமில்லை. 30,000 யூரோவுக்குக் காப்பீடு இல்லாமல் விசாவே கிடைக்காது. மலைநடையை விலக்கும் பிரிவு அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

விடுதிச் செலவைத் தவிர்க்கக் கூடாரம் அடிக்கலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

அடிக்கலாம். 1957-ஆம் ஆண்டின் சட்டம் எல்லோருக்கும் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. ஆளிருக்கும் வீட்டிலிருந்தோ குடிலிலிருந்தோ 150 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், அனுமதியில்லாமல் ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலோ காட்டை ஒட்டியோ தீ மூட்டுவதற்குத் தடை உண்டு.

ஒஸ்லோவில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறோம், ஒருநாளும் மலைக்குப் போனதில்லை. ஆகஸ்டில் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. எல்லோரும் சேர்ந்து நடக்க வேண்டுமென்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது?
– வாசகி, ஒஸ்லோ

எதையும் வாங்காமல் தொடங்குங்கள். ஐந்தாம் எண் மெட்ரோவில் கடைசி நிலையமான சொங்ஸ்வான் வரை சென்று, அங்கிருந்து காட்டு வழியே உல்லெவால்செட்டர் வரை அனைவரும் நடந்து வாருங்கள். அங்கே மரங்களில் உள்ள நீலக்குறி கோடை நடைக்கானது, சிவப்புக்குறி பனிச்சறுக்குக்கானது. மலைகளில் வழிகாட்டும் சிவப்பு ‘T’ எழுத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். யாருக்கு எந்த ஷூ கடிக்கிறது, யார் எத்தனை மணி நேரத்தில் களைக்கிறார்கள் என்பதை அந்த ஒரு நாள் சொல்லிவிடும்.

அடுத்ததாக, 1868-இல் தொடங்கப்பட்ட நார்வே மலைநடைச் சங்கத்தில் குடும்ப உறுப்பினராகுங்கள். 550-க்கும் மேற்பட்ட குடில்களை நடத்தும் சங்கம் அது, உறுப்பினர்களுக்குத் தங்கும் கட்டணம் குறைவு. சில குடில்களில் சமைத்துப் பரிமாறுவார்கள். சிலவற்றில் மளிகைப் பொருட்கள் மட்டும் இருக்கும், நீங்களே சமைத்து எடுத்ததற்குக் கணக்கெழுதிப் பணம் கட்ட வேண்டும். சிலவற்றில் கூரையும் அடுப்பும் படுக்கையும்தான் இருக்கும். அக்கா குடும்பம் சைவம் என்று எழுதியிருப்பதால், முதல் வகைக் குடிலானால் முன்பதிவிலேயே அதைச் சொல்லிவிடுங்கள், இரண்டாம் வகையானால் பருப்பும் மிளகாய்த்தூளும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குடில் படுக்கையில் உள்ளே நுழைந்து படுக்கும் விரிப்புப் பை ஒவ்வொருவருக்கும் கட்டாயம். பழைய பருத்திச் சேலை ஒன்றை இரண்டாக மடித்துத் தைத்தாலே போதும், கடையில் வாங்க வேண்டியதில்லை.