ஒன்றும் நடக்கவில்லையே, புகார் எதற்கு?

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். இணையத்தில் பதிவு செய்து வில்பட்டிப் பக்கம் ஒரு காட்டேஜில் தங்கினோம். பால்கனிக்குக் கீழே செங்குத்துச் சரிவு. தடுப்புக் கம்பிகள் ஏணிப்படி போலக் குறுக்காக இருந்தன; இடைவெளியும் அதிகம், ஒரு கம்பி ஆடியது. மூன்று வயது மகள் இரண்டாவது கம்பியில் ஏறி நின்றதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர். ஜன்னலை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். குளித்துவிட்டு வந்த மகன் தலை சுற்றுகிறது என்றான், எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தோம். இரவு வந்த சப்பாத்தியும் ஆறிப்போயிருந்தது. காவலுக்கு இருந்த பெரியவரிடம் கம்பியைப் பற்றிச் சொன்னேன். "பிள்ளையை நீங்கள்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?" என்றார். ஊர் திரும்பி, பதிவு செய்த தளத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். அதை நீக்கினால் ஒரு நாள் வாடகையைத் திருப்பித் தருவதாக உரிமையாளர் போனில் சொல்கிறார். "ஒன்றும் நடக்கவில்லையே, வாங்கிக்கொண்டு விடு" என்கிறார் கணவர். நான் பெரிதுபடுத்துகிறேனா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: இல்லை. பணத்தை வாங்காதீர்கள், எழுதியதை நீக்கவும் நீக்காதீர்கள். உரிமையாளர் இந்நேரம் மறுபடியும் அழைத்திருப்பார் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பால்கனியை நினைத்துப் பதறுகிறீர்கள். என்னைப் பதற வைத்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய எலுமிச்சம்பழ வரி. கேஸ் கீசர் எரிவதற்குக் காற்று வேண்டும். மூடிய சிறிய அறையில் காற்று குறையக் குறைய, வாயு சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், பிறகு மயக்கம் என்று போகும். கொடைக்கானல் கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வந்த பிள்ளைக்குத் தலை சுற்றினால் யாருக்கும் சந்தேகம் வராது. மலைப்பாதையின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவோம். உங்கள் மகனுக்கு மலைப்பாதையாலேயே கூடத் தலை சுற்றியிருக்கலாம். ஆனால் பாதையில் வராத தலைசுற்றல் குளித்த பிறகு வந்தால் எலுமிச்சம்பழத்தைத் தேடக் கூடாது. கீசரை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து, பிள்ளையை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும்.

குளிருக்கும் குரங்குக்கும் பயந்து ஜன்னலை அடைத்திருப்பார்கள். அதற்கு வலை அடிக்கலாமே தவிர, உள்ளே கேஸ் கீசரை வைத்துக்கொண்டு ஆணி அடிக்கக் கூடாது. கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். முடியாவிட்டால் மின்சார கீசருக்கு மாறட்டும். கரி அடுப்புக்கும் இதே கதைதான். குளிருக்காக அதை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்தி கொடைக்கானலிலிருந்தே வந்திருக்கிறது.

இனி பால்கனி. தடுப்பு ஒரு மீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டுக் கட்டட நெறிமுறை. கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ. உருண்டை நுழையக் கூடாது என்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் விதித்திருக்கிறார்கள். குழந்தையின் உடம்பு புகுந்துவிடும் இடைவெளியில் தலை சிக்கிக்கொள்ளும் என்பதுதான் காரணம். குறுக்குக் கம்பி அதைவிட மோசம், ஏறுவதற்கு அதுவே படி கொடுக்கிறது. அங்கேயே ஒரு பள்ளி ஸ்கேலைக் கம்பிகளுக்கு நடுவே வைத்துப் படம் எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை. பால்கனியில் பிள்ளைகளை நிற்க வைத்து நீங்கள் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். சிரிக்கும் முகங்களுக்குப் பின்னால் கம்பியும் இடைவெளியும் தெளிவாக விழுந்திருக்கும்.

அந்தப் பெரியவரின் மேல் கோபப்படாதீர்கள். முதலாளியைக் கேட்காமல் ஒரு ஆணிகூட வாங்க முடியாத நிலையில் இருப்பவர். புகாரில் அவரை இழுக்க வேண்டாம். ஆனால் அவர் சொன்ன வாதத்தை உரிமையாளரும் சொல்வார், அதற்குப் பதில் வைத்திருங்கள்: அம்மா குளிக்கப் போகும் பத்து நிமிடத்துக்காகத்தான் தடுப்பே வைக்கிறார்கள்.

உங்கள் கணவருக்கு வருகிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், யாருக்காவது அடிபட்டால்தான் புகார் என்று இல்லை. உயிருக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்தான சேவையை, ஆபத்து என்று தெரிந்தே அளித்தால் அதுவும் புகாருக்கு உரியதுதான். 'தெரிந்தே' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இன்று அந்த உரிமையாளர் "எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிடலாம். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. நீங்கள் எழுத்தில் அனுப்பிய மறுநாளிலிருந்து அவரால் அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் கடிதத்தை ஒரு நாள் வாடகைக்கு விற்றுவிடாதீர்கள் என்கிறேன்.

ஆகவே இன்றே அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தங்கிய தேதி, அறை, பதிவு எண், படங்கள். பிறகு இப்படி எழுதலாம்: "பால்கனித் தடுப்பில் ஒரு கம்பி ஆடுகிறது; இடைவெளியில் குழந்தை புகுந்துவிடும். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கிறது, ஜன்னல் மூடப்பட்டிருக்கிறது. இரண்டையும் சரிசெய்யும் வரை அந்த அறையைக் குழந்தைகளோடு வருபவர்களுக்குத் தர வேண்டாம். என்ன செய்தீர்கள் என்று பதினைந்து நாட்களுக்குள் தெரிவியுங்கள். எனக்குப் பணம் வேண்டாம்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று அவர் சொல்லத் தொடங்கினால் அதுதான் உங்களுக்குக் கை கொடுக்கும்.

சப்பாத்தியை எழுதாதீர்கள். எழுதினால் பதில் முழுக்கச் சப்பாத்தியைப் பற்றியே வரும். தளத்தில் எழுதியதிலும் அதை எடுத்துவிட்டு, கம்பி, கீசர் இரண்டை மட்டும் நிறுத்துங்கள்.

அதே மின்னஞ்சலின் நகலைப் பதிவுத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். உரிமையாளர் வாய் திறக்காவிட்டால் கொடைக்கானல் கோட்டாட்சியருக்கும் திண்டுக்கல் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் ஒரு மனு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் மதுரையிலேயே மனுத் தாக்கல் செய்யலாம், மலையேற வேண்டியதில்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, நீங்கள் கொடுத்த வாடகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தாலே வெல்டிங்காரர் மறுநாள் வந்துவிடுவார்.

மலைச் சரிவுக்கும், வாசலில் வந்து நிற்கும் காட்டெருமைக்கும் உரிமையாளரைக் குறை சொல்ல முடியாது. கம்பிக்கும் கீசருக்கும் அவர்தான் பொறுப்பு. அவர் சரிசெய்து படம் அனுப்பினால், எழுதியதை நீக்காமல் அதன் கீழேயே "சரிசெய்துவிட்டார்கள்" என்று தேதியோடு சேர்த்துவிடுங்கள். அடுத்த விடுமுறைக்கு எங்கே போனாலும், முன்பணம் அனுப்புவதற்கு முன்பு பால்கனி, குளியலறை இரண்டின் படத்தையும் கேளுங்கள். படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் பதிவு செய்யாதீர்கள்.