மோட்டார் வெச்ச மல்டிடூல் வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?

வணக்கமுங்க. பல்லடத்துல விசைத்தறி மெக்கானிக், பழைய மல்டிடூல்ல (பிளேயர், கத்தி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒண்ணா மடங்கற கருவி) கம்பி வெட்டற வாய் பல்லு போயிருச்சு, இப்பவே வேற வாங்கறதா, இல்ல மோட்டார் வெச்சது வரட்டும்னு பொறுக்கறதான்னு கேட்டிருந்தீங்க.

பொறுக்காதீங்க. பாக்கெட்டுல அடங்கற பேட்டரிக்கு, துருப்புடிச்சு இறுகுன போல்ட்டைக் கழட்டற முறுக்கு இருக்காதுங்க. இந்தக் கருவியோட வளர்ச்சி வேற பக்கம் போயிட்டிருக்குது. அமெரிக்கக் கம்பெனி லெதர்மேனோட முதல் மாடல் 1983-ல வந்தப்ப வெட்டுவாய் பிளேயரோட ஒரே துண்டு, போனா போச்சு. 2018-ல வந்த அவங்களோட வேவ் பிளஸ் மாடல்ல அது தனித்துண்டு. சின்னத் திருகைக் கழட்டிப் புதுசு மாட்டிக்கலாம். உங்களுக்கு வேண்டியது இதுதான்.

2019-ல வந்த லெதர்மேன் ஃப்ரீ வரிசையில காந்தம் வெச்சு ஒத்தைக் கையிலயே திறக்கற மாதிரி பண்ணுனாங்க. நல்ல யோசனைதான். ஆனா கிரைண்டிங் பக்கம் நின்னீங்கன்னா இரும்புத்தூள் அந்தக் காந்தத்துல மீசை மாதிரி ஒட்டிக்கும், ஏர் அடிச்சாலும் முழுசாப் போகாது.

கத்தியே இல்லாத மாடல் பண்ணறோம்னு சுவிஸ் கத்திக் கம்பெனி விக்டோரினாக்ஸ் 2024-ல சொன்னாங்க. வெளிநாட்டுக் கத்திச் சட்டத்துக்காக. பாவு நூல் அறுக்கற நமக்கு அது எதுக்குங்க?

என் கணிப்பு, இனிமே வர்றதெல்லாம் பிட் (ஸ்க்ரூடிரைவர் முனை) மாத்தற வகையாத்தான் இருக்கும். அதனால சாதாரண கால் இஞ்ச் பிட் ஏறுதான்னு பாத்து வாங்குங்க, அடாப்டர் போட்டாலும் சரி. ஆலன் (ஆறுமூலை), டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட் ரெண்டும் கோயமுத்தூர் டூல்ஸ் கடையில சல்லிசாக் கிடைக்கும்.

ஸ்பிரிங் கம்பியை மட்டும் புதுசுலயும் வெட்டாதீங்க. அதுக்குத் தனி கட்டர் வெச்சுக்கோங்க.