மார்கழிக் கடைசி வாரம் பனியா, மழையா? கேள்விகளும் பதில்களும்

மார்கழி 22 முதல் 28 வரை தமிழ்நாட்டு வானிலை எப்படி இருக்கும் என்று நேற்றுச் சுருக்கமாகச் சொல்லியிருந்தேன். வியாழன் வரை வறண்ட வாடைக்காற்று, தெளிந்த வானம், விடியலில் நல்ல பனி. அதன்பின் இலங்கைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடுக்கு சுழற்சி, அதாவது வானத்தின் கீழ் அடுக்கில் சுழலும் காற்று, நெருங்கி வரும். காற்று கொண்டலாக, அதாவது கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றாகத் திரும்பும். வெள்ளி, சனியில் டெல்டாவிலும் தென் கடலோரத்திலும் மழை உண்டு. அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

மன்னார்குடி: அண்ணா, சம்பா கதிர் முற்றிவிட்டது. அறுவடை இயந்திரம் சனிக்கிழமைதான் கிடைக்கும் என்கிறார்கள். பொறுக்கலாமா?

பொறுக்காதீர்கள் தம்பி. எத்தனை சென்டிமீட்டர் என்பதில்தான் எனக்குத் தயக்கம். இரண்டும் பெய்யலாம், ஆறும் பெய்யலாம். முற்றிய கதிருக்கு அந்த இரண்டே போதும். கூடவே காற்றும் அடித்தால் பயிர் சாய்ந்துவிடும்.

2021 பொங்கல் வாரத்தில் டெல்டாவில் இதே கதைதான். மழை விட்ட நாலாம் நாள் அத்தை வீட்டு வயலில் இறங்கி, தண்ணீரில் கிடந்த கதிர் ஒன்றை உருவிப் பார்த்தேன். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளை ஊசி மாதிரி முளை. அத்தை அதை என் கையிலிருந்து வாங்கி, ஒன்றும் பேசாமல் மடியில் கட்டிக்கொண்டார்.

பக்கத்து ஊரில் யாரிடமாவது இயந்திரம் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். வியாழன் மாலைக்குள் அறுத்துவிட்டால் தப்பலாம். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் தடை சொல்வார்கள், அதனால் கிடைக்கிற வெயிலிலேயே காயவைத்துத் தார்ப்பாய் போட்டுவிடுங்கள். இயந்திரம் கிடைக்கவே இல்லையா, வடிகால் வாய்க்காலை இப்போதே வெட்டிவிடுங்கள்.

சென்னை, வேளச்சேரி: எங்களுக்கு மழை உண்டா?

சனிக்கிழமை தூறல் விழலாம். தண்ணீர் தேங்குகிற மழை இல்லை.

ஊட்டி: இன்னும் எத்தனை நாள் உறைபனி இருக்கும்?

வியாழன் விடியல் வரை. பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவில் வானத்துக்கே விட்டுவிடுகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் அந்தச் சூடு தங்குவதில்லை, குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தாவில் புல் வெள்ளையாக இருக்கும் நேரத்தில் மேட்டு வீட்டில் ஒன்றும் தெரியாமல் இருப்பது இதனால்தான். வெள்ளியன்று மேகம் வந்து மூடியதும் இரவு வெப்பநிலை ஏறிவிடும். அதுவரை கேரட், உருளை போட்டவர்கள் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்து இலையில் இருக்கும் உறைபனியைக் கழுவிவிடுங்கள்.

நாகப்பட்டினம்: வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகலாமா?

இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் மீன்வளத் துறை சொல்வதையும் மட்டும் கேளுங்கள்.

தூத்துக்குடி: இது புயலாக மாறுமா? பெயர் என்ன?

மாறாது. ஆனால் இந்த வாரம் மட்டும் இதே கேள்வி பத்துப் பேரிடமிருந்து வந்திருக்கிறது, அதுவும் தூத்துக்குடியிலிருந்து வரும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல் என்று பெயர் வைப்பார்கள். பெயர் காற்றுக்குத்தான், மழைக்கு இல்லை. 2023 டிசம்பர் 17 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. உங்கள் மாவட்டத்தின் ஓராண்டு மழையைவிட அதிகம். அதைக் கொண்டுவந்தது பெயரில்லாத ஒரு காற்றுச் சுழற்சி. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையை மூழ்கடித்த மழைக்கும் பெயர் கிடையாது. மழை எச்சரிக்கையின் நிறத்தைப் பாருங்கள். பெயர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மதுரை: செல்பேசிச் செயலியில் அடுத்த புதன்கிழமை இடி மழை என்று காட்டுகிறதே?

ஐந்து நாளுக்கு மேல் போனால், குறிப்பிட்ட ஊருக்குக் குறிப்பிட்ட நாளில் மழை என்று சொல்வதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். நாளைக்கே அந்தப் படம் மாறியிருக்கும்.

திருநெல்வேலி: தம்பி, மார்கழி மேகத்தின் ஓட்டத்தைப் பார்த்து அடுத்த மழையைக் கணிக்கும் கர்ப்போட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. சூரியன் பூராடத்தில் இருக்கும் இந்த 14 நாளில்தான் மேகம் கருக்கொள்ளும். இப்போது மழை விழுந்தால் கரு கலைந்து அடுத்த ஐப்பசி பொய்க்கும்.

ஐயா, என் பாட்டியும் இதைச் சொல்லித்தான் வளர்த்தார். ஆனால் 2021-ஐப் பாருங்கள். ஜனவரி 5-ஆம் தேதி, பூராடத்தில்தான், சென்னையில் நல்ல மழை. நீங்கள் சொல்கிற கணக்கில் கரு கலைந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையோ இயல்பைவிட ஐம்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதல்.

மீண்டும் திருநெல்வேலி: சென்னையில் பெய்ததை வைத்து எங்கள் ஊர்க் கணக்கைப் பொய் என்று சொல்லலாமா? ஊருக்கு ஊர் கர்ப்போட்டம் வேறு.

நியாயமான மறுப்பு ஐயா. அப்படியானால் உங்கள் ஊரில் ஒவ்வொரு ஆண்டும் எந்த நாளில் மேகம் ஓடியது, எத்திசைக்கு ஓடியது, பின்னால் எந்த மாதம் எவ்வளவு பெய்தது என்று எழுதிவைத்தால்தானே தெரியும்? பலித்த வருஷம் நினைவில் நிற்கும், பலிக்காதது மறந்துபோகும்.

பொள்ளாச்சி: அந்தக் காலத்து ஆட்கள் முட்டாள்களா? விதைப்பையே இதைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

யாரும் அப்படிச் சொல்லவில்லை. பதினான்கு நாள் விடாமல் அண்ணாந்து பார்த்து, மேகத்தின் போக்கைக் குறித்தார்களே, அந்தப் பொறுமை என்னிடம் இல்லை. நான் கேட்பது அந்தக் குறிப்பைத்தான்.

கோயம்புத்தூர்: வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறையா?

ஆட்சியர் அறிவிப்பார். கோவையில் மழைக்கே வாய்ப்புக் குறைவு.

கும்பகோணம்: மாடியில் வைத்த மழைமானியில் இன்று காலை 0.2 மில்லிமீட்டர் இருந்தது. இரவு மழையே இல்லையே?

அது பனி. என் மழைமானியிலும் இன்று காலை 8.30-க்கு அவ்வளவுதான் இருந்தது. புனலின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் துளி. விரலால் தொட்டதும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உள்ளே ஓடியது. மழை என்று எழுதாதீர்கள், பக்கத்தில் ‘பனி’ என்று குறித்துவையுங்கள்.

கடலூர்: புயல் வருமா?

தூத்துக்குடிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மீண்டும் திருநெல்வேலி: தம்பி, என் அப்பா கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கர்ப்போட்டக் குறிப்பு இரண்டு நோட்டு பரணில் இருக்கிறது. கரையான் கொஞ்சம் அரித்திருக்கிறது.

ஐயா, இன்றே இறக்கி நிழலில் உலர்த்துங்கள், வெள்ளிக்கிழமை ஈரக்காற்று வருவதற்குள். பிறகு பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புங்கள். அந்த ஆண்டுகளின் மழைப்பதிவைத் தேடி எடுத்து, தேதிவாரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். உங்கள் அப்பா சொன்னது சரியாக இருந்தால் அதையும் இங்கேயே எழுதுவேன்.