வாழ்க்கையில் வரும் மாற்றங்களை ஏற்றுக்கொள்ள எப்படிப் பழகுவது?

வேலைக்காக ஊர் மாறி ஆறு மாதமாகியும் புது இடம் மனதில் ஒட்டவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரேயடியாகப் பழகிவிட வேண்டும் என்று நினைப்பதுதான் சிக்கல் என்பேன்.

1957 ஏப்ரல் 1 அன்று நம் நாட்டில் காசுக் கணக்கே மாறியது. ரூபாய்க்கு 16 அணா என்றிருந்தது 100 நயா பைசா ஆனது. நாலணாவுக்கு 25, எட்டணாவுக்கு 50, சரியாக வந்துவிடும். ஓரணாதான் தகராறு: 6.25 பைசா! அந்தக் கால் பைசாவை யார் கொடுப்பது, யார் விடுவது? பழைய காசும் புதுக் காசும் சில வருடம் சேர்ந்தேதான் புழங்கின. 1964-இல் 'நயா' என்ற அடைமொழியும் போய்விட்டது.

என் பாட்டி புதுக் காசைத் தயங்காமல் வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். பேச்சில் மட்டும் கடைசிவரை அணாவை விடவில்லை. கீரைக்காரம்மாவிடம் "எட்டணா குறைச்சுக்கோ" என்பார், கையில் ஐம்பது பைசாவை வைத்துக்கொண்டு. யாரும் அதைப் பிடிவாதம் என்று சொன்னதில்லை.

நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். புது ஊரின் பேருந்துத் தடம், கடைத்தெரு, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எல்லாம் பழகட்டும். காலைக் காபி மட்டும் பழைய ஊர்ப் பக்குவத்திலேயே இருக்கட்டும். அப்புறம், அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். அடக்கிக்கொண்டு சிரிப்பதுதான் ஆளைத் தின்னும்.

நானும் ஊர் மாறியவன்தான். முதல் மாதம் பால்காரரிடம்கூடப் பேசியதில்லை. இப்போது தெருச் செய்தியெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.