உள்ளூர் நிருபர்களுக்கு அடிப்படை வரலாறுகூடத் தெரியாமல் போவது ஏன்?

ஒரு நாளிதழின் டெல்டா பதிப்பில் ஒன்பது வருடம் டெஸ்கில் இருந்தேன். தாலுகா நிருபர்கள் அனுப்பும் செய்தியைத் திருத்திப் பக்கத்துக்கு அனுப்புவதுதான் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தரங்கம்பாடியிலிருந்து ஒருமுறை விடுமுறைக் கூட்டம் பற்றிச் செய்தி வந்தது. ‘ஆங்கிலேயர் கட்டிய டேனிஷ் கோட்டையில் மக்கள் குவிந்தனர்’ என்று முதல் வரி. எழுதியவர் அந்தக் கோட்டையைத் தினமும் கடந்து போகிறவர். போன் போட்டேன். “வெள்ளக்காரன் கட்டுனதுதானே அண்ணே” என்றார். அவருக்கு வெள்ளைக்காரர் எல்லாரும் ஆங்கிலேயர். தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை அது. 1845-ல்தான் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1706-ல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், சில வருடங்களிலேயே அச்சுக்கூடம் வைத்து புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். பத்திரிகையில் வேலை பார்க்கிற எங்களுக்கு ஒரு வகையில் தாய்வீடு மாதிரியான ஊர்.

அவரை மட்டமான நிருபர் என்று நினைத்துவிட வேண்டாம். எந்த வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை, எத்தனை படகு கரை திரும்பவில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பகுதிநேர நிருபர், செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. காலையில் விபத்து, மதியம் மறியல், சாயங்காலம் கும்பாபிஷேகம் என்று ஓடுகிறவர், பக்கத்தில் நிற்பவர் சொல்வதை எழுதிக்கொள்கிறார். பக்கத்தில் நிற்பவர் “2,000 வருஷத்துக் கோயில்” என்பார், அதுவே செய்தியாகிவிடும். தலம் பழசாக இருக்கலாம். இப்போது நிற்கும் கற்கட்டடத்துக்கு அந்த வயது கிடையாது. கல்லை அடுக்கிக் கோயில் எடுப்பது இங்கே பரவியதே பல்லவர் காலத்தில், 7-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். டெல்டாவில் பல கோயில்கள் செங்கல்லிலிருந்து கல்லுக்கு மாறியது 10-ஆம் நூற்றாண்டில், சோழ அரசி செம்பியன் மாதேவி காலத்தில்.

சரி, இந்த மாதிரிப் பிழையை ஒரு போனில் திருத்திவிடலாம். என்னை உறுத்துவது வேறு. தெரியாததால் செய்தியாகவே வராமல் போனவை.

ஒரு கோயில் திருப்பணி பற்றி நாலு வரியும் ஒரு படமும் வந்தது. ‘பணிகள் மும்முரம்’ என்று வழக்கமான தலைப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, மடப்பள்ளி வாசலில் புதிதாகப் போட்டிருந்த படிக்கல்லில் தலைகீழாக வரிவரியாக எழுத்து. பழைய மண்டபத்தைப் பிரித்த கல். யார் கொடுத்த நிலமோ, எந்தக் கோயில் விளக்கின் நெய்க்காக விட்ட ஆடோ, அதில் எழுதியிருந்திருக்கும். உடனே கூப்பிட்டேன். மறுநாள் காலை அவர் போவதற்குள் மேலே சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். முந்தின நாள் அந்தப் படியில் நின்றுதான் அவர் படமே எடுத்திருக்கிறார். அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் வேலையை நிறுத்தியிருப்பார்கள், தொல்லியல் துறைக்காரர்கள் வந்து எழுத்தைப் படியெடுத்திருப்பார்கள்.

திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, மாற்றியபோது, அங்கிருந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து, இது பழைய கல்வெட்டின் நகல் என்றும் குறித்து, புதுச் சுவரில் மறுபடி வெட்ட வைத்தவர் அதே செம்பியன் மாதேவி. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இருந்த அந்த அக்கறையை நினைத்தால், அந்தப் படிக்கல் இன்னும் கனக்கிறது.

இதற்காக அரசர் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தியதில்லை. பல்லவர், சோழர், பாண்டியர், விஜயநகரம், நாயக்கர், மராட்டியர், கிழக்கிந்தியக் கம்பெனி என்று யாருக்குப்பின் யார் என்பது தோராயமாகத் தெரிந்தால் போதும். அப்புறம், இறந்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழி எப்படி இருக்கும், சுடுமண் வளையங்களை அடுக்கிய உறைகிணறு எப்படி இருக்கும், நடுகல் எது, சதிக்கல் எது என்று பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும். குளம் வெட்டும்போது பானை வாய் தெரிந்தால் ‘புதையல்’ என்று எழுதாமல், கடப்பாரையை நிறுத்தச் சொல்ல அதுவே உதவும். இதையெல்லாம் படத்தோடு இரண்டு பக்கத்தில் அச்செடுத்து எல்லா நிருபர்களுக்கும் கொடுத்தேன். கல்லில் எழுத்து மங்கலாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுக்கவும் சொல்லிக் கொடுத்தேன்.

நான் வேலையை விட்டு நாளாகிறது. தரங்கம்பாடிக்காரர் மட்டும் இன்னும் ராத்திரியில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். “அண்ணே, இது எழுத்தா, வெறும் உளிக்கீறலா?”