நூலகர் பதில்கள்: இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்

கேள்வி: நாவலும் சிறுகதையுமாக அறுபது புத்தகங்கள் வைத்திருக்கிறேன். கண் பார்வை குறைந்துவிட்டது. எடைக்குப் போட மனசு வரவில்லை. உங்கள் வாசகர்களுக்கே இலவசமாகக் கொடுக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகக் கொடுங்கள் அம்மா. ஆனால் அறுபதையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பிவிடாதீர்கள். முப்பது வருடம் கிளை நூலகத்தில் வேலை பார்த்தவன் நான். மூட்டையாக வந்த புத்தகங்கள் மூலையிலேயே கிடந்து, கடைசியில் பிரித்தபோது ராமபாணப் பூச்சி அரித்துக் கையோடு உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னாருக்கு இது என்று கைமாறும் புத்தகத்துக்கு அந்தக் கதி வராது.

ஒருமுறை பழைய நாவல் ஒன்று நன்கொடையாக வந்தது. அட்டை கிழிந்து, மைதா பசை போட்டு ஒட்டியிருந்தது. முதல் பக்கத்தில் பென்சில் எழுத்து: 'முதல் நாற்பது பக்கம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிணற்றடியில் அண்ணன் தம்பி பேசிக்கொள்ளும் இடத்தை மூன்று தரம் படித்தேன்.' கையெழுத்து இல்லை. எழுதியவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நாவலில் ஒட்டிய, இரவல் தேதி முத்திரை குத்தும் சீட்டு இரண்டே வருடத்தில் நிரம்பி, அதன்மேல் இன்னொன்று ஒட்டினேன். பக்கத்திலேயே இருந்த புத்தம்புது நாவலின் சீட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

அதனால் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். யாருக்குப் பிடிக்கும், எந்த இடத்தில் தடுக்கும் என்று இரண்டு வரி போதும். எழுதச் சிரமமாக இருந்தால் நீங்கள் சொல்லச் சொல்ல வீட்டில் யாராவது எழுதட்டும். 'அருமையான நாவல்' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் உதவாது. அப்புறம் பட்டியலை எங்களுக்கு அனுப்புங்கள், பிரசுரிக்கிறோம். குலுக்கல் வேண்டாம். கேட்பவர் ஒரே ஒரு புத்தகம் கேட்கட்டும், அது ஏன் வேண்டும் என்றும் எழுதட்டும். யாருக்கு என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். புத்தகங்களுக்கென்றே தபால் துறை 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' தொடங்கியிருக்கிறது. தொடக்கக் கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் நாளாகும். கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் விரித்து உதறி, நிழலில் காற்றாட வையுங்கள்.

கேள்வி: இரவல் போன புத்தகத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
- வாசகர், தென்காசி

பதில்: கேளுங்கள். கொடுக்கும்போதே பெயரையும் தேதியையும் நோட்டில் குறித்துவிட்டால் கேட்கக் கூச்சம் இருக்காது.

கேள்வி: மகளுக்குப் பதினேழு வயது. தமிழில் நாவலே படித்ததில்லை. எதில் தொடங்கலாம்?
- வாசகர், ஓசூர்

பதில்: அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. 1947-48இல் செகந்தராபாத்தில் கிரிக்கெட் ஆடித் திரியும் கல்லூரி மாணவன் சந்திரசேகரனின் கதை. ஊரும் காலமும் அவனைச் சுற்றி மாறிக்கொண்டே வரும். எளிய வாக்கியங்கள், அகராதி தேட வேண்டியிருக்காது. கடைசிப் பக்கங்கள் மட்டும் மனசை உலுக்கும். நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். அவள் முடிக்கிற அன்று பக்கத்தில் இருங்கள்.